ரெண்டு ஆமா

மதராஸ் டிப்போவில் வைத்தியன்
நாக்கை நீட்டச் சொன்னான், கண்ணிமையைப் புரட்டினான்.
"யார் பிள்ளை இது?"
துணையில்லாத பிள்ளையைக் கப்பலில் ஏற்றக் கூடாதாம்.
மேஸ்திரி என் பிடரியில் கைவைத்து
முன்னால் நின்றவளின் இடுப்போரம் தள்ளினான்.
அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்,
சந்தையில் வெண்டைக்காயை
ஒடித்துப் பார்க்கிறவள் போல.
ஒரு மூச்சு நேரம்.
"ஆமா, என்னுது."

செங்காயி மகள் சடைச்சி. வயது ஒன்பது.
இடது முழங்காலில் தீத்தழும்பு.
எந்த அடுப்பில் சுட்டது என்று
கணக்கன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
பெற்றவள் பெயர் ஒருதரமாவது
வாயில் வந்திருக்கும்.

கப்பலில் என் அரைப்படியை
அவள் கையில்தான் அளந்தார்கள்.
பாதியை அவளே தின்றாள்,
நான் வாந்தியெடுத்த நாட்களில் முழுவதையும்.
காகிதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பசிக்காது என்று
நினைத்திருப்பாள்.

உம்சிண்டோவில் ஆடி மாதம் குளிர்ந்தது.
ஆடியில் குளிருமா என்று
லயத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்,
ஊரார் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.
சோளமாவைக் கிண்டத் தெரியாமல்
கட்டி கட்டியாய் விழுங்கினோம்.
எனக்குக் களையெடுப்பு. மாதம் மூன்று ஷில்லிங்.
மூன்றும் செங்காயி முந்தானையில்.

ஒருநாள் சர்தார் துளசிங்கம்
கரும்புக் கழியால் அடித்தான்.
வலது காதில் ரத்தம் வந்தது.
அன்றோடு அந்தப் பக்கத்து உலகம் மூடிக்கொண்டது.
செங்காயி ரத்தத்தைத் துடைக்கவில்லை.
விடியுமுன் உதைத்து எழுப்பினாள்.
"நட."

பன்னிரண்டு மைல். கையில் பாஸ் கிடையாது.
வழியில் ஓர் ஆறு.
பாவாடை நனையாமல் கடந்தேன், அவள் முதுகில்.
நடுவாற்றில் திட்டினாள்:
"எவ சோத்தத் தின்னு இப்பிடிக் கனக்குற?"

கச்சேரியில் துபாஷி சட்டத்தை விளக்கினான்.
"இவள் உன் மகளா?
ஆமென்றால் மனுவில் உன் பெயர் ஏறும்.
பாஸ் இல்லாமல் வந்ததும் கூடவே ஏறும்.
இல்லையென்றால் இப்படியே திரும்பிப் போ."

அதே ஒரு மூச்சு நேரம்.
நல்ல காதை அவள் பக்கம் திருப்பினேன்.
"ஆமா, என்னுது."

சர்தாருக்கு ஒரு பவுன் அபராதம்.
அவளுக்கு ஏழு நாள் ஜெயில்.

அந்த ஏழு நாளும்
என் பங்கு முழுவதும் எனக்கே.
மூன்றாம் நாள் பாதியை மூடி வைத்தேன்,
பழக்கத்தில்.
எறும்பு தின்றது.

எட்டாம் நாள் வந்தாள், குதிகால் வெடித்து.
அடுப்பு முன்னால் குந்தி
விரலால் சாம்பலைத் தள்ளியபடி சொன்னாள்:
"மொத ஆமாவுக்கு
மேஸ்திரி ஆறணா குடுத்தான்."
அடுத்ததைப் பற்றிப் பேசவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.

அன்றிரவும் என் தட்டுக்கு அவள் கை நீண்டது.
கேளாத காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்,
மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்,
எட்டட்டும் என்று.