முயல் வருடத்து உறைகள்

ஞாயிறு விடிந்தால் லோரோங் கூலிட்.
இரவுப்பணி முடித்த சீருடையோடே போய்விடுவேன்.
கண்ணில் தூக்கம் மணலாய் உறுத்தும்போதுதான்
பழைய சாமான் எனக்கு ஒழுங்காய்த் தெரியும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

காது போன கோப்பிக் குவளை,
ரிமோட் இல்லாத காற்றாடி,
காற்றாடி இல்லாத ரிமோட்,
சட்டத்துக்குள் பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண்.
சட்டம் எனக்கு வேண்டும், அவள் வேண்டாம்.
கசங்காமல் உருவிக் கொடுத்தேன்.
ஹூய் லிங் அவளை வாங்கி
யாரோ ஒருவரின் கல்யாணத்துக்குப் பின்னால் செருகினாள்.

பிறகு அந்த பிஸ்கட் தகரம்.
உள்ளே கட்டுக்கட்டாய் அங்பாவ் உறைகள்:
வங்கி கொடுத்தவை, பெட்ரோல் நிலையம் கொடுத்தவை,
எலி, புலி, பெரும்பாலும் முயல்.
தாண்டிப்போன வருடத்து விலங்கை
யார் காசு கொடுத்து வாங்குவார்?
நான் வாங்குவேன்.
ஐந்து வெள்ளி என்றாள். மூன்று என்றேன்.
நான்கு ஆகாத எண் என்று
அவளே மூன்றரைக்கு இறங்கினாள்.

தீபாவளிக்கு எட்டு நாள்.
ரைஃபிள் ரேஞ்ச், பதினோராம் மாடி, வாடகை வீடு.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதைத் தவிர
வீட்டுக்காரர் எதுவும் சொன்னதில்லை.
ஆகவே என் அலங்காரம் தொங்கும், சாயும்,
சில நாள் நடுச்சாமத்தில் விழுந்து எழுப்பும்.

உறையை நீளவாக்கில் மடி. மூலை இரண்டையும் கிள்ளு.
ஸ்டேப்ளர். அடுத்தது.
வங்கியின் பெயர் உள்பக்கம் போகட்டும்.
(விளக்கைப் போட்டால் எப்படியும் தெரியும்.)
பதினெட்டு சேர்ந்தால் ஓர் உருண்டை விளக்கு.
பதினேழு சேர்ந்தால் ஒரு விபத்து.

"தீபாவளிக்குச் சீன விளக்கா?" என்றான் தவசீலன்.
முறுக்கு அச்சைத் தலைகீழாய்த் திருப்பிக் காட்டினேன்.
தாய்வான்.
பேசாமல் ஏணியைப் பிடித்தான்.

மூன்றாவது விளக்கின் பதினெட்டாவது உறை
மடிய மறுத்தது.
உள்ளே இரண்டு பத்து வெள்ளி,
வங்கியிலிருந்து வந்த அதே மொறுமொறுப்போடு.
பின்புறம், பென்சிலில், மூன்று சீன எழுத்து.

தொழிற்சாலையில்
நுண்ணோக்கிக்கு அந்தப் பக்கம் உட்காரும் சிங் யீயிடம் காட்டினேன்.
யாருடைய பெயரோ என்று நினைத்திருந்தேன்.
பெயர் இல்லை.
"வந்தால் கொடு" என்று படித்துவிட்டு
மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஹூய் லிங் தோளைக் குலுக்கினாள்.
ஜெலுத்தோங்கில் காலிசெய்த வீடாம்.
கட்டிலுக்கடியில் கிடந்த தகரமாம்.
சாமான் பார்க்க யாரும் வரவில்லையாம்.
"உன் அதிர்ஷ்டம், வச்சுக்கோ. மீன் வாங்கு."

மீன் வாங்கவில்லை.
நல்லவள் என்பதால் இல்லை,
அந்த வாரம் மீன் விலை அப்படி.
நோட்டு இருந்தபடியே இருக்க
உறையைத் தகரத்தில் போட்டு மூடி
அரிசி வாளியின் மேல் வைத்தேன்.

மறுநாள் தீபாவளி.
லெலோங்கில் எடுத்த சரவிளக்கை உள்ளே விட்டு
மூன்றையும் ஏற்றினோம்.
இரண்டு, உருண்டை.
மூன்றாவது, பதினேழு உறையோடு,
வாசல் பக்கம் வாய் பிளந்து சாய்ந்திருந்தது.
வெளிச்சமெல்லாம் அந்த வழியாகத்தான் போனது,
கம்பிக்கதவைத் தாண்டி
பக்கத்து வீட்டுச் செருப்புகள் வரை.

"தகரத்தில்தான் இன்னும் எத்தனையோ உறை இருக்கே,"
பாதி ஏணி ஏறிவிட்டான் தவசீலன்.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துவிட்டது என்றேன்.

தீரவில்லை.