எள் விழ

காட்பாடி ஜங்ஷனில் ரயில் கொட்டிய சனம்
அப்படியே என் படியில் ஏறுகிறது.
பத்தொன்பது வருசமாகக் கேட்கிறேன்
ஏறுகிறவர்கள் சொல்லும் உவமைகளை.
பழைய பத்து ரூபாய்த் தாள் போலத்தான் அவையும்,
கைமாறிக் கைமாறி
நடுவில் கிழிந்தவை.

"புளிமூட்டை மாதிரி அடைக்கிறான்யா."
இந்த வேலைக்கு முன்னால்
மண்டித் தெருவில் மூட்டை ஏற்றியிருக்கிறேன்.
புளிமூட்டைக்கு முழங்கை கிடையாது.
அடுத்த மூட்டையின் செருப்பை மிதித்துவிட்டு
வேறு பக்கம் பார்க்காது.
தவிர, மூட்டையை
எண்ணித்தான் ஏற்றுவோம்.

"வௌவால் மாதிரி தொங்காதீங்கடா" என்பது
நான் சொல்வது.
எந்த வௌவாலும்
முதல் பீரியடுக்கு நேரமாச்சு என்று தொங்குவதில்லை.
தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

ஈசல் மாதிரி, ஈ மொய்க்கிற மாதிரி:
இவை
ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் சொல்பவை.

பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது
யாராவது ஒருவர், "வெள்ளம் மாதிரி சனம்."
கீழே மணலும் சீமைக்கருவேலமும்
ஒரு நெரிசலும் இல்லாமல் படுத்திருக்கும்.
ஒரே ஒரு ஐப்பசியில் நிஜ வெள்ளம் வந்தது.
பார்க்க வந்த கூட்டத்தில்
வண்டி முக்கால் மணி நேரம் நின்றது.
அன்றைக்கு எவரும் மாதிரி என்று சொல்லவில்லை.
வாயைப் பிளந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

போன செவ்வாய்
விருதம்பட்டில் கன்னியப்பன் ஏறினார்,
செக்குக்குப் போகிற நாலு படி எள்ளோடு.
லக்கேஜ் போடுங்க என்றேன்.
"மடியில வெச்சிக்கிறேன் நைனா" என்றார்,
மடிக்கு வழியில்லாமல் நின்றுகொண்டு.
கிரீன் சர்க்கிளில் அடித்த பிரேக்கில்
யாருடைய டிபன் கேரியர் கொக்கியோ
பையைக் கிழித்தது.

எள் விழ இடமில்லை என்று
அந்த நிமிசம் வரை நானும் நம்பியிருந்தேன்.

விழுந்தது.
ஒரு தோளிலிருந்து ஒரு புடவை மடிப்புக்கு,
எக்ஸ்ரே உறை மேல் சரசரவென்று உருண்டு,
தூங்கும் குழந்தையின் தலைமுடியில் கொஞ்சம் தங்கி,
மிச்சமெல்லாம்
தரைக்குப் போய்ச் சேர்ந்தது.
எண்பத்தேழு டிக்கெட் கிழித்த வண்டி.
கால்கள் ஒவ்வொன்றாக எழும்பின.
கன்னியப்பன் குந்தி உட்கார
ஒரு வட்டம் உண்டானது.
எங்கிருந்து என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வங்காளத்துக்காரர்
ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவரும் அள்ளினார்.
உள்ளங்கையைப் பார்த்தார். "தில்" என்றார்.
பிறகு சிரித்துச் சிரித்து,
"தில் தாரோனேர் ஜாய்கா நேய்."
'கொத்தாய் ஜாபென்' என்று கேட்டு
டிக்கெட் கொடுக்கும் அளவுக்குத்தான் எனக்கு அவர் பாஷை.
பின்னாலிருந்து மருந்துக்கடைப் பையன் ஒருவன் கத்தினான்:
"எள்ளு வைக்க எடமில்லன்றாருண்ணா.
அவங்க ஊர்லயும் அதேதானாம்."

பழைய பஸ் ஸ்டாண்டில்
மூன்றரைப் படியோடு இறங்கினார் கன்னியப்பன்.
லக்கேஜ் போடவில்லை.
ராத்திரி டெப்போவில் கலெக்‌ஷன் எண்ணும்போது
நோட்டு மடிப்பில் ஐந்தாறு எள்.

மறுநாள் முதல் டிரிப்.
ஒற்றைக்காலில் படியில் நின்ற ஒருவர்
ஆரம்பித்தார், "எள்ளு உழக்கூட..."

"உழும்" என்றேன்.
"உள்ள போ நைனா."