இழுப்பறை மூன்று

பிப்ரவரியில் பூட்டு உடைந்தது.
எதிரே ஆ கியோங் கடையில் பதினெட்டு ரிங்கிட்.
நானே வாங்கிவிடுகிறேன் என்றேன்.
"சொந்தக் காசில் வாங்கினால் தோட்டத்துச் சொத்தாகாது.
சொத்தில்லாததைத் தோட்டத்து அலமாரியில் மாட்டக் கூடாது"
என்றார் பெரிய கிராணி சந்திரகாசன்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

மூன்று கடை விலைப்புள்ளி வேண்டுமாம்.
செம்பனை லாரி திரும்பும் இந்த முனையில்
இருப்பதே ஒரு கடை.
மற்ற இரண்டுக்குப் பகாவ் வரை பஸ் ஏறினேன்.
வழிச்செலவுக்குத் தனிப் பாரம்.

பூட்டுப் பாரத்தில் ஏழாவது கேள்வி:
பாதுகாக்க வேண்டியது என்ன? விவரமாக எழுதுக.
யாருக்குக் காசநோய், யாருக்கு மூன்றாம் மாதம்,
உரம் தூக்கும் ரஃபிகுலின் இரத்தத்தில் என்ன என்று
நான்கு நகல் எடுத்து அனுப்பினால்
யாரும் அதைப் பார்க்காதிருக்கப் பூட்டு வரும்.

"தாள்கள்" என்று எழுதினேன்.
விவரம் போதாது எனத் திரும்பியது.
மறுபடியும் "தாள்கள்".
இம்முறை பேனாவை அழுத்தி.

அதுவரை ராஃபியா கயிறு.
இடக்கைக்காரி முடிச்சு;
வேறு யார் அவிழ்த்துக் கட்டினாலும்
காலையில் தெரிந்துவிடும்.
இருமுறை தெரிந்தது.
எழுதிக் கொடுக்க அதற்குப் பாரம் இல்லை.

ஆகஸ்டில் பூட்டு வந்தது.
விதிப்படி சாவி முன்கூடத்து ஆணியில்,
மலாயில் சிவப்பு எழுத்துச் சீட்டோடு:
இழுப்பறை 3. இரகசியம்.

மருந்துக்கு வரிசையில் நின்ற ரஃபிகுல்
சீட்டைப் பார்த்தான்,
பிறகு என்னை.

ஐந்து மணிக்குப் பூட்டினேன்.
சாவியை ஆணியில் மாட்டினேன்.
திரும்பி வந்து
கயிற்றையும் கட்டிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.