பதினோராம் கிணறு

கிணறு என்றுதான் பெயர். வாளி இறங்காது.
உள்ளங்கை வைத்தால் மூடிவிடும் வாய்,
பூட்டுப் போட்ட இரும்பு மூடி,
அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் என் கிறுக்கல்: 11.

கிளேர்வுட்டில், கன்டெய்னர் லாரிகள் திணறித் திரும்பும் முடுக்கில்
முப்பது வருடம் ஒரு டிரைகிளீனிங் கடை இருந்தது.
என் அப்பாவின் கல்யாணக் கோட்டும் இங்கேதான் வெளுத்தது.
ஆல்பத்தில் ஒரு கறை இல்லை.

கறையைக் கரைத்த திரவம்
பின்கதவு வழியே மணலுக்குப் போனது.
தண்ணீரைவிடக் கனம் அது,
தண்ணீரையும் தாண்டி இறங்கி
களிமண் தட்டில் சப்பணமிட்டுவிட்டது.
தோண்டி எடுப்பதென்றால்
மேலே நாலு வீடுகளையும் எடுக்க வேண்டும்.
ஆகவே மருந்தைக் கீழே அனுப்புகிறோம்.

பெர்மாங்கனேட்.
காய்ந்திருந்தால் கறுத்த மணல்,
நனைந்த நொடியில் கத்தரிப்பூ.
ம்தோபிசி பம்பின் முள்ளையே பார்த்திருப்பான்,
அழுத்தம் ஒரு கோடு கூடினாலும் மண் விரிசல் விடும்.

திங்கட்கிழமை விட்டது.
கோகிலம் மூட்லியின் கொல்லையில், கறிவேப்பிலை மரத்தடியில்
ஊதாவாக ஊறி
அவர் செருப்புவரை வந்து நின்றது.
"யார் வீட்டுச் சாயம் இது?"
வைட்டமின் சி தூளோடு ஓடினோம்,
இரண்டு பேர், மூன்று வாளி, முகமூடி நழுவ.
தூவத் தூவ நிறம் செத்தது.
அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:
"இத்தனை வருஷம் நிறமில்லாமல் கிடந்ததே,
அதுக்கு ஏன் ஒருத்தரும் ஓடி வரலே?"

விபத்து அறிக்கைப் படிவத்தில்
எத்தனை லிட்டர், எத்தனை மணி, காற்று எந்தத் திசை.
அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

நாலாம் வாரம் பதினொன்றில் ஊதா:
மருந்து இன்னும் இரை தேடுகிறது.
எட்டாம் வாரம் ஆறிப்போன ரூய்போஸ் நிறம்:
தின்றுவிட்டது, தானும் தீர்ந்துவிட்டது.
பன்னிரண்டாம் வாரம் கருவிக்கு எட்டாத அளவு.
ம்தோபிசி பொரித்த கோழி வாங்கி வந்தான்.
பம்பைக் கழுவித் திருப்பி அனுப்பினோம்.

ஏழாம் மாதம் எண் ஏறியது.
களிமண்,
விழுங்கியதையெல்லாம் தவணையில் திருப்பித் தருகிறது.
தலைமை அலுவலகம் இதை 'மீளெழுச்சி' என்று
சாய்வெழுத்தில் அச்சடித்து அனுப்பியது,
ஏதோ கொடியேற்றுவதைப் போல.

என் விரல் நுனிகளில் பழுப்பு போகவில்லை.
எலுமிச்சையில் தேய்க்கிறேன்,
நகக்கண்ணில் மட்டும் பிடிவாதம்.

நேற்று மறுபடி அவர் கதவைத் தட்டினேன்.
இரண்டாம் சுற்று என்றேன், மூன்றாவதும் இருக்கலாம் என்றேன்,
பொய் சொல்லாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு.
உள்ளே போய் நாட்காட்டியோடு வந்தார்.
தேதிகளின்மேல் விரல் நகர்ந்தது.

"செவ்வாய் வேணாம்," என்றார்.
"அன்னிக்கு வெள்ளைத் துணி காயப்போடுவேன்."