இருவரும் சேர்ந்து

செக்காலையில் குடியிருந்துகொண்டு
செக் எழுதாமல் இருக்க முடியுமா என்பார்
தபால்காரர் பாண்டித்துரை.
இரண்டு மாதத்துக்கொரு முறை அதே சிரிப்பு.
நானும் சிரித்துவைப்பேன்.

கோனாபட்டு வீட்டுக்குக் கரண்டு பில்
இந்த முறை எழுநூற்றுப் பதினெட்டு.
பூட்டிக் கிடக்கும் வீடு.
முகப்பில் ஒரு விளக்கு, கிணற்றில் ஒரு மோட்டார்,
யாரும் பார்க்காதபோது
எதையாவது குடித்துக்கொண்டிருக்கும் மீட்டர்.

பாதி என் கணவர் பங்கு, பாதி அவர் தம்பி பங்கு.
இரண்டு பேரும் இப்போது இல்லை.
வங்கிக் கணக்கில் நானும் உமையாளும் இருக்கிறோம்,
'இருவரும் சேர்ந்து' என்ற
ரப்பர் முத்திரைக்குக் கீழே.
பேசி ஒன்பது வருடம் ஆகிறது.
மோட்டார் புகைந்த சித்திரையில்
சுவிட்சை அணைக்காமல் வந்தது யார்
என்பதில் ஆரம்பித்தது.
எங்கே போய் முடிந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆகவே செக்.
முதலில் மூலையில் குறுக்கே இரண்டு கோடு.
பிறகு தொகை, எழுத்தால்:
எழுநூற்றுப் பதினெட்டு மட்டும்.
அந்த 'மட்டும்' எனக்குப் பிடிக்கும்.
அதற்குமேல் யாரும் ஒரு சொல் சேர்க்க முடியாது.
மிச்ச இடத்தைக் கோடிழுத்து அடைத்துவிட்டு
என் பெயரை இடப்பக்கமாகத் தள்ளிப் போடுவேன்,
அவளுக்கு இடம் விட்டு.

கோவைக்குப் போக மூன்று நாள், வர நாலு.
தபால் செலவே நூறு ரூபாய் பக்கம்.
உறைக்குள் ஒரு வரிக் கடிதம்கூட இருக்காது.
ஆனால் அவள் பெயர்
பிள்ளையார் சுழியில் அல்லவா தொடங்குகிறது.
மார்கழியில் அந்தச் சுழி சரியாக விழவில்லை,
வால் நடுங்கிக் கீழே இறங்கியிருந்தது.
மாசியில் வந்த செக்கில் சுழி நிமிர்ந்துவிட்டது.
யாரிடமும் விசாரிக்கவில்லை.
அன்றைக்கு ஒரு தோசை கூடச் சாப்பிட்டேன்.

வங்கியில் புது மேலாளர், தென்காசிப் பக்கம்.
"எதுக்கு மேடம் இவ்வளவு சுத்து?
'யாராவது ஒருவர்'னு மாத்திட்டா
போன்லயே கட்டிரலாம், பத்து செகண்டு."
படிவத்தை நீட்டினார்.
மாற்றுவதற்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டுமாம்.
சேர்ந்திருக்க வேண்டாம் என்று சொல்லவும்
சேர வேண்டியிருக்கிறது.

அடுத்த செக்கோடு அதையும் மடித்து அனுப்பினேன்,
என் கட்டத்தை நிரப்பாமல்.
அவள் முதலில் போடட்டும்.
செக் திரும்பி வந்தது.
படிவம் வரவில்லை.

அதற்குள் ஓசூரிலிருந்து வந்திருந்த மகன்
சலூனில் முறைக்குக் காத்திருந்தபோதே
தன் கணக்கிலிருந்து கட்டிவிட்டான்.
கடைசித் தேதி தாண்டிவிடுமே என்று பயந்தானாம்.
பச்சை டிக்கைக் காட்டினான்.
வீட்டின் இணைப்பு எண் இருந்தது,
நேரம் இருந்தது, 11.04.
எங்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை.
"அவ்வளவுதாம்மா" என்றான்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
கோந்து இல்லை, வரிசை இல்லை,
பாண்டித்துரையின் சிரிப்பும் இல்லை.
என் கையில் மிஞ்சியது
யாருக்கும் தேவைப்படாத ஒரு செக்,
இரண்டு கையெழுத்தோடு.
மேலே 'ரத்து' என்று எழுதியிருக்க வேண்டும்.
பீரோவில் வைத்தேன்.

ஆனியில், நான் எதுவும் அனுப்பாமலே, ஓர் உறை.
அந்தப் படிவம்.
நாலாய் மடித்த மடிப்பு நைந்திருந்தது,
எத்தனை முறை பிரித்தாளோ.
அவள் கட்டத்தில் கையெழுத்து,
சுழி திருத்தமாக.
என் கட்டம் காலி.

நேற்று மேலாளர் கேட்டார்:
"கோயம்புத்தூர்ல இருந்து வந்துட்டா மேடம்?"
செக் புத்தகத்தில் இன்னும் ஆறு தாள்.
ஆறு தாள் என்றால் ஒரு வருடம்.

"தபால்தானே," என்றேன்,
"கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்."

படிவம் கைப்பைக்குள் இருந்தது,
குடைக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில்.