கால் எண்ணாத கதிரை

நாற்காலி என்றால் நான்கு கால் வேண்டும்,
பெயரே கணக்குக் கேட்கிறது.
முக்காலியும் அப்படித்தான், ஒன்று குறைத்து.
கதிரை என்ற சொல்
எப்போதோ கப்பலில் வந்து இறங்கியது,
கால் எத்தனை என்று அதற்குக் கவலையில்லை.
அதனால் நான் வரைந்ததைக்
கதிரை என்றே எழுதினேன் விலைச்சீட்டில்.

கறுவாத்தோட்டத்தில் கோப்பிக்கடை திறக்கப்போகும்
அபேகோன் கேட்டது இது:
பார்க்க விளையாட்டாய் இருக்கவேணும்,
படம் எடுக்கக் கை துடிக்கவேணும்,
சொகுசு இருபது நிமிடத்துக்குப் போதும்.
இருபத்தோராவது நிமிடம்
முதுகுக்கு வீட்டு ஞாபகம் வரவேணும்.

அதற்கொரு வித்தை உண்டு.
இருக்கையை முன்பக்கம் மூன்று பாகை சரித்தால்
தொடை தானாக விடைபெறும்.
எனக்குத் தெரியும். மொறட்டுவையில் ஒரு வருடம்
மற்றவர்களின் இடுப்போடு
மெல்லப் பகைக்கப் பழகியிருக்கிறேன்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
காருக்குக் கட்டிய அறைதான் பட்டறை.
ரயில் போனால் பென்சில் உருளும்.
உப்புக்காற்று ஆணியைத் தின்னும்,
பிறகு ஆணி இருந்த இடத்தையும்.

அன்றிரவு முனைக்கடையில்
அப்பம் சுடுகிறவன் தாச்சியைச் சுழற்றினான்.
மா ஒரு சுற்று ஏறி, ஏறிய இடத்தில் ஓரமாகி,
மீதி நடுவில் இறங்கிக் குந்தியது.
ஓம், குந்தியது.
முட்டையப்பம் இரண்டு சொல்லி
தாச்சிக்கும் விலை கேட்டேன்.
"மிஸ்ஸுக்குச் சுடத் தெரியுமோ?"
"அதுக்குள்ள இருக்கப்போறன்."
காசை எண்ணி முடிக்கும்வரை அவன் சிரிக்கவில்லை.

அந்த வளைவை நான்கு மடங்கு பெருப்பித்தேன்.
நடுவில் தடிப்பாய்ப் பஞ்சு, விளிம்பு முறுகல் போல மெல்லிசு.
அடி உருண்டை. சாய்ந்தால் சாயும், கவிழாது.
வயிற்றுக்குள் பஞ்சிகாவத்தையில்
நிறுத்து வாங்கிய பிரேக் தட்டு நான்கு.

ரெக்சீன் தைக்க வந்தார் இஸ்ஸதீன் நானா.
ஆட்டோ சீற் தைத்துத் தைத்தே
விரல் ஊசிபோல் வளைந்த மனுசன்.
"இது கதிரையா, சட்டியா?" என்றார்.
தையலைச் சோதிக்க ஏறினார்.
இடம் ஒருமுறை, வலம் ஒருமுறை.
அளவுநாடா கழுத்தில், ஊசி உதட்டில்.
ஊசியை மட்டும் நான் மெதுவாக எடுத்தேன்.
குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்:
தோல்வி. நாற்பத்தேழு நிமிடம். குறட்டையுடன்.

மேல்மாடி அக்‌ஷிதாவுக்கு எட்டு வயது.
அவள் தலையைக் கீழே தொங்கவிட்டுக்
காலை முதுகு சாய்க்கும் இடத்தில் வைத்தாள்.
"இதில எது மேல்பக்கம்?"
வரைபடத்தைப் பார்த்தேன். அதற்கும் தெரியவில்லை.
எரிவாயு கொண்டுவந்த பொடியன் பன்னிரண்டு நிமிடம்,
அதுவும் போன் அடித்ததால்.
இரவு வேலை முடிந்து வந்த தாதி ஃபர்வின்
சப்பாத்தைக் கழற்றினாள்.
அதற்குமேல் மணிக்கூடு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அபேகோன் வந்தார். இருந்தார்.
தன் கைக்கடிகாரத்தில் தானே நேரம் வைத்தார்.
இருபத்தொன்றில் இருமினார்,
முப்பதில் சப்பாத்து நுனியால் நிலத்தை உந்தி
ஒரு சின்ன ஆட்டம் ஆடினார்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.
நாற்பதில் எழும்பக் கை கேட்டார். கொடுத்தேன்.
"நல்லா இருக்கு," என்றார். "அதுதான் பிரச்சினை."
முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
அது பஞ்சாகிவிட்டது என்றேன்.

ஆகவே இப்போது அவருக்காக
மூன்று பாகை சரிந்த, நான்கு காலுள்ள ஒன்றை வரைகிறேன்.
நின்றபடி. வேறு வழியில்லை,
பட்டறையில் இருந்த ஒரே நல்ல இடத்தில்
எப்போதும் யாரோ இருக்கிறார்கள்.

பாணந்துறை ரயில் போகிறது.
நிலம் நடுங்க, கதிரை தானாக ஆடுகிறது,
உள்ளே ஃபர்வின், வாய் லேசாகத் திறந்தபடி.
உருளப்போகும் பென்சிலை
நான் பிடித்துக்கொள்கிறேன்.