கடல் என் பக்கம்

போயா லீவு. கல்லடிப் பாலம் தாண்டியதும்
பங்கு பிரித்துக்கொண்டோம்.
தெற்கே போகையில் இடது கை எனக்கு, அதாவது கடல்.
வலது கை, ஸ்டியரிங்கோடு சேர்த்து, தவமலருக்கு: வாவி.
"கடல் எங்க தெரியுது, எல்லாம் மதில்" என்றேன்.
"வாவி மட்டும் தெரியுதாக்கும்" என்றாள்.
ஐம்பத்திரண்டு வயதில் லைசன் எடுத்தவள்.
முப்பதுக்கு மேலே முள் ஏறாது.

காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள்
நடுவீதியில் வரிசையாய் நின்று
எங்களுக்கும் ஓட்டோக்களுக்கும் வழக்குத் தீர்த்தன.

களுதாவளையில் வெற்றிலைப் பந்தல் பார்க்க
நிறுத்தச் சொன்னேன்.
நிறுத்த அரைக் கிலோமீற்றர் பிடித்தது.
அங்கே பந்தல் இல்லை, கச்சான்காரி இருந்தாள்.
"எங்க போறீங்க?"
"சும்மா."
"கல்முனை ஆஸ்பத்திரிக்கா?"
"இல்ல கா, சும்மாதான்."
நம்பவில்லை. நோயாளி யாரென்று
இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
ஒரு கை கச்சான் கூடப் போட்டாள்.

மருதமுனையில் சாரன் கடை.
"கலியாணமா, பெருநாளைக்கு ஆருக்கும் குடுக்கவா?"
"சும்மா உடுக்க."
மர்சூக் நானா விரித்ததை மடித்து வைத்தார்.
"சும்மாவுக்கு இந்த நிறம் சரிவராது" என்று
மேல் தட்டுக்கு ஏணி வைத்தார்.

நிந்தவூருக்கு அங்கால் வீதியில் பாதி நெல்.
மீதிப் பாதியில் மாடு.
மாடு யோசித்து முடிக்கும் வரை தவமலர் காத்திருந்தாள்.
பின்னால் அக்கரைப்பற்று பஸ்
எங்கள் பரம்பரையையே ஹோர்னில் விசாரித்தது.

பிறகு ஒரு பொலிஸ்காரர் கை காட்டினார்.
"எங்க போறது?"

எனக்கு நாக்கு உள்ளே போய்விட்டது.
இதே வீதியில் இறங்கி நடந்திருக்கிறேன்,
அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி,
காரணத்தை இரண்டு தரம் சொல்லி.
நல்ல காரணம் இருந்தது என்னிடம்:
அம்மாவின் மருந்துச் சீட்டு.
அம்மா போன பிறகும்
எட்டு மாதம் அதைத்தான் காட்டினேன்.

தவமலர் கண்ணாடியை முழுதாக இறக்கினாள்.
"சும்மா" என்றாள்.
அவர் லைசனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மை காயாத மாதிரி அவ்வளவு புதுசு.
"சும்மா?"
"ஓம்."
"சரி, மெதுவா போங்க."
இதைவிட மெதுவாய் எப்படிப் போவது என்று
தம்பிலுவில் வரை பேசிக்கொண்டு போனோம்.
அங்கே ஒரு பிளேன்டீ, இரண்டு வடை, சூடில்லை.
இனி என்ன என்று தெரியாததால்
காரைத் திருப்பினோம்.

திருப்பியதும் பங்கு மாறிவிட்டது.
கடல் இப்போது அவள் கையில்.
ஒருதரமும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
"கடல் எப்படி?"
"வேலை நேரத்தில கதைக்காதீங்க."

கல்லாற்றில் வெளிச்சம் சாய்ந்து
என் பக்கத்துத் தண்ணீர் செம்பு நிறமானது.
சொன்னால் திரும்பிப் பார்ப்பாள் என்று சொல்லவில்லை.
பையைத் துழாவினேன்.
நோயாளிக்கென்று போட்ட அந்த ஒரு கை
அப்படியே கிடந்தது.
கோது உடைத்து, இரண்டிரண்டாய்
அவள் வாயில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
மெல்லுவதை நிறுத்தினாள்.